சிங்கப்பூர் ஏர்லைன்ஸ்: யாருக்கு முதலிடம்?

2023-இல் ஸ்கைட்ராக்ஸ் விருதுப் பட்டியலில் உலகின் சிறந்த விமான நிறுவனம் என்ற பெயர் சிங்கப்பூர் ஏர்லைன்ஸுக்குக் கிடைத்தது. அடுத்த இரண்டு ஆண்டுகளும் கத்தார் ஏர்வேஸ் முதலிடத்தைப் பிடிக்க, சிங்கப்பூர் இரண்டாமிடத்துக்கு இறங்கியது. சிட்னியில் இருக்கும் பேரனைப் பார்க்கக் கிளம்பும் மயிலாப்பூர் தம்பதிக்கும், விடுப்பு முடிந்து திருச்சியிலிருந்து கட்டுமான வேலைக்குத் திரும்பும் இளைஞருக்கும் இந்த முதலிடம், இரண்டாமிடத்தால் ஆவது என்ன என்று பார்ப்பதே இந்தக் கட்டுரையின் நோக்கம்.

இந்த நிறுவனத்தின் ஏர்பஸ் 380 விமானத்தில் 471 இருக்கைகள். அவற்றில் 6 மட்டும் சூட் எனப்படும் தனியறைகள். பிசினஸ் 78, பிரீமியம் எகானமி 44, மீதி 343 எகானமி. யூடியூபில் லட்சக்கணக்கானோர் பார்க்கும் வீடியோக்கள் அந்த 6 அறைகளுக்குள் எடுக்கப்பட்டவை: சாத்திக்கொள்ளக் கதவு, உட்கார ஒரு நாற்காலி, படுக்கத் தனியே ஒரு கட்டில். பத்திரிகை விமர்சகர்களும் பெரும்பாலும் பிசினஸ் வகுப்போடு நின்றுவிடுகிறார்கள். ஏறத்தாழ முக்கால்வாசிப் பேர் உட்காரும் இடத்தைப் பற்றி எழுதுபவர்கள் குறைவு. போதாக்குறைக்கு, படத்தில் வரும் அந்த இரட்டைத்தள விமானம் சென்னைக்கு வருவதே இல்லை.

எகானமி இருக்கைகளில் இவர்கள் செய்திருக்கும் ஒரு காரியத்தை முதலில் சொல்லிவிட வேண்டும். போயிங் 777 விமானத்தில் எமிரேட்ஸ் வரிசைக்கு 10 இருக்கைகள் போடுகிறது. அதே அகலமுள்ள விமானத்தில் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் இன்றும் 9 இருக்கைகளோடு நிறுத்திக்கொண்டிருக்கிறது. தோளோடு தோள் உரசாமல் 13 மணி நேரம் உட்கார்ந்து வந்தவருக்கு அந்த ஒரு இருக்கையின் மதிப்பு தெரியும். பரிசு வாங்கிய பட்டுமெத்தை விரிப்புகளை எல்லாம்விட, இந்த நிறுவனத்தை மெச்ச எனக்கு இதுவே முதல் காரணம்.

இப்படி நடந்துகொள்ள அவர்களுக்கு ஒரு நிர்ப்பந்தமும் இருந்தது. 1947-இல் மலாயன் ஏர்வேஸ் என்ற பெயரில் பறக்கத் தொடங்கிய நிறுவனம், 1972-இல் மலேசியாவுக்கு ஒன்று, சிங்கப்பூருக்கு ஒன்று என இரண்டாகப் பிரிந்தது. மலேசியாவுக்கு உள்நாட்டு வழித்தடங்கள் இருந்தன. சிங்கப்பூருக்கு உள்நாடு என்று பறக்க ஓர் ஊர்கூட இல்லை. பிற நாட்டுப் பயணியை இழுத்து வந்து, தன் ஊரில் இறக்கி, வேறொரு விமானத்தில் ஏற்றி அனுப்பித்தான் பிழைக்க வேண்டும். பிரிவதற்கு முன்பே, 1968-இல், பியர் பால்மேன் வடிவமைத்திருந்த சாரோங் கெபாயா சீருடையை வைத்து வளர்த்த விளம்பரமும், பணிவான உபசரிப்பும் இந்தத் தேவையிலிருந்து வந்தவை. உள்நாடு இல்லாததன் விலை 2020-இல் தெரிந்தது. கொரோனாவால் எல்லைகள் மூடியதும் விமானங்கள் அத்தனையும் ஏறக்குறைய முடங்கின. அந்த ஆண்டு பங்குதாரர்களிடமிருந்து 880 கோடி சிங்கப்பூர் டாலர் திரட்டித்தான் நிறுவனம் தப்பியது. பெரும்பங்கு உரிமையாளரான தெமாசெக் பின்னால் நின்றது. சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தில் நிறுத்திவைத்திருந்த 380 விமானத்தை உணவகமாக்கிச் சாப்பாடு பரிமாறியதும் அப்போதுதான். பிறகு காற்று திசைமாறி, 2023-24 நிதியாண்டில் லாபம் 267 கோடி டாலரைத் தொட்டது. ஊழியர்களுக்கு ஏறக்குறைய எட்டு மாதச் சம்பளம் போனஸாகக் கிடைத்தது. அந்த லாபத்தில் ஒரு பங்கு பயணிகள் கொடுத்த கூடுதல் கட்டணத்தில் வந்தது என்பதைச் சொல்லத் தனி ஆய்வு வேண்டாம். விமானங்கள் குறைவாக, பயணிகள் நிறையப் பேராக இருந்த காலம் அது.

நம் ஊர்ப் பயணி முதலில் பார்க்க வேண்டியது சேவையை அல்ல, வரைபடத்தை. சென்னையிலிருந்து சிங்கப்பூர் சுமார் 2,900 கிலோமீட்டர், நாலு மணி நேரப் பயணம். அங்கிருந்து சிட்னி சுமார் 6,300. இரண்டையும் கூட்டினால் 9,200. சென்னைக்கும் சிட்னிக்கும் இடையே நேர்கோடு போட்டால் வரும் தூரமும் ஏறக்குறைய அவ்வளவுதான். சென்னையிலிருந்து ஆஸ்திரேலியாவுக்கு நேரடி விமானம் இல்லாத நிலையில், சிங்கப்பூரில் மாறுவதால் தூரத்தில் நஷ்டமே இல்லை. சிட்னி, மெல்போர்ன், பெர்த், பிரிஸ்பேன், அடிலெய்ட் என்று அந்த நாட்டின் பெரிய ஊர்களுக்கெல்லாம் சாங்கியிலிருந்து நேரடி விமானமும் உண்டு. துபாய்க்கோ தோஹாவுக்கோ மேற்கே போய்த் திரும்பிக் கிழக்கே வருவதை இதோடு ஒப்பிடவே முடியாது.

லண்டனுக்கு அப்படியே தலைகீழ். சென்னை–லண்டன் நேர்தூரம் சுமார் 8,200 கிலோமீட்டர். பிரிட்டிஷ் ஏர்வேஸ் நேரடியாகவே பறக்கிறது. சிங்கப்பூர் வழியாகப் போனால் கிழக்கே 2,900 போய், அங்கிருந்து மறுபடி மேற்கே 10,900 பறக்க வேண்டும். தலையைச் சுற்றி மூக்கைத் தொடும் வேலை. உலகின் சிறந்த விமான நிறுவனம் என்பதற்காக 5,600 கிலோமீட்டர் அதிகம் பறக்கலாம் என்று யாராவது சொன்னால், அவர் மைல் சேர்ப்பவராகத்தான் இருக்க வேண்டும். ஜப்பான், கொரியா, இந்தோனேசியா, வியட்நாம், நியூசிலாந்து என்றால் சாங்கி சரியான வழி. ஐரோப்பா, அமெரிக்கக் கிழக்குக் கரை என்றால் வளைகுடா வழி, அல்லது நேரடி. அமெரிக்க மேற்குக் கரை மட்டும் இரண்டுங்கெட்டான்: சான் பிரான்சிஸ்கோவுக்கு எந்தப் பக்கமாகப் போனாலும் தூரம் ஏறக்குறைய ஒன்றுதான். விலையையும் இடைநிற்கும் நேரத்தையும் பார்த்து முடிவுசெய்ய வேண்டியது அது.

இனி, தனியே பயணம் செய்யும் வயதானவர்கள். தமிழ்நாட்டிலிருந்து பறப்பவர்களில் இவர்கள் ஒரு தனி வர்க்கம். மகள் பிரசவத்துக்குப் போகும் அம்மாக்கள், ஆறு மாத விசாவில் போய்வரும் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், ஆங்கிலம் படிக்கத் தெரிந்தும் விமான நிலையத்தில் பேசத் தயங்குபவர்கள். இவர்களுக்கு விமானத்தின் உள்ளே நடப்பதைவிட இரண்டு விமானங்களுக்கு நடுவே நடப்பதுதான் பயம். எனக்குத் தெரிந்து சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் தன் கட்டணத்துக்கு முழு மதிப்பைக் கொடுப்பது இந்த இடத்தில்தான், அதிலும் பாதிப் புகழ் சாங்கிக்குப் போக வேண்டும். நிறுவனத்தின் விமானங்கள் இரண்டாம், மூன்றாம் முனையங்களில் நிற்கின்றன; நடுவே ஓட்டுநர் இல்லாத சிறு ரயில் ஓடுகிறது. ஒரே டிக்கெட்டில் போகும் பயணி குடிநுழைவு வரிசைக்குப் போக வேண்டியதில்லை, பெட்டியைத் தேடி எடுக்க வேண்டியதில்லை. வீல்சேர் வேண்டும் என்று டிக்கெட் போடும்போதே சொல்லிவைத்தால் விமான வாசலிலிருந்து அடுத்த விமான வாசல்வரை ஆள் கூட வரும். தமிழ் அங்கே ஆட்சிமொழிகளில் ஒன்று. உதவிக்கு வருபவரோ, கடையில் நிற்பவரோ தமிழ் பேசுபவராக அமைவது அரிதல்ல. மகன் போனில் சொல்லிக்கொடுத்த ஆங்கில வாக்கியங்களை மனப்பாடம் செய்துகொண்டு வந்த அப்பா, கடைசியில் "கேட் எங்கேங்க?" என்று கேட்டுவிட்டு நிம்மதியாக உட்காரலாம்.

ஒரு சங்கதி மட்டும் அவரிடம் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். சாங்கியின் முதல் மூன்று முனையங்களில் பாதுகாப்புச் சோதனை விமான வாசலில்தான் நடக்கிறது. சோதனை முடிந்து உள்ளே போனால் கண்ணாடி அறைக்குள் காத்திருக்க வேண்டும். பல வாசல்களில் அந்த அறைக்குள் கழிப்பறை கிடையாது. சர்க்கரை நோய் உள்ளவர்கள், மூட்டுவலிக்காரர்கள் சோதனைக்கு முன்பே போய்வந்துவிடுவது நல்லது. தண்ணீர் பாட்டிலையும் அங்கே காலி செய்யச் சொல்வார்கள். எந்த விருது நடுவரும் இதை எழுதமாட்டார்.

சாப்பாட்டுக்கு வருவோம். விமானம் ஏறும் சைவக்காரர் தெரிந்துகொள்ள வேண்டிய நான்கெழுத்துக் குறிகள் உண்டு. வெறும் சைவம் என்று கேட்டால் மேற்கத்தியச் சைவம் வந்துவிடலாம்: வேகவைத்த காய்கறியும் பாஸ்தாவும். இந்தியச் சமையலில் சைவம் வேண்டுமானால் 'ஏவிஎம்எல்' என்று கேட்க வேண்டும். சமணர்களுக்கு 'விஜேஎம்எல்'. மாட்டிறைச்சி தவிர்க்கும் அசைவக்காரருக்கு 'எச்என்எம்எல்'. இவை எல்லா விமான நிறுவனங்களுக்கும் பொதுவான குறிகள்தான். புறப்பாட்டுக்கு 24 மணி நேரத்துக்கு முன்பாவது பதிவு செய்துவிட வேண்டும். அப்படிப் பதிவு செய்த தட்டு, இருக்கை எண் ஒட்டிய சீட்டோடு, தள்ளுவண்டி கிளம்புவதற்கு முன்பே வந்து சேரும். பக்கத்து இருக்கைக்காரர் பசியோடு பார்த்துக்கொண்டிருக்க நாம் சாப்பிட்டு முடித்துவிடுவோம். பிறகு தட்டை எடுக்க ஆள் வரும்வரை அதை மடியில் வைத்துக் காவல் காக்கவும் வேண்டும். பனீரும் பருப்பும் சப்பாத்தியும் என்று பெரும்பாலும் வட இந்தியச் சமையல்தான். குறை சொல்லும்படி இருக்காது, ஆனால் சாம்பாரை எதிர்பார்த்து மூடியைத் திறப்பவருக்கு ஏமாற்றம். இந்திய வழித்தடங்களின் மேல்வகுப்புகளில் சமையற்கலைஞர் சஞ்சீவ் கபூரை வைத்து 'ஷாஹி தாலி' என்று ஒரு விருந்தே ஏற்பாடு செய்த நிறுவனம், தெற்கத்திச் சமையலுக்கும் ஒருவரைப் பிடித்திருக்கலாம்.

இப்போது திருச்சி. இங்கிருந்து சிங்கப்பூர் போகிறவர்களில் வேலைக்குப் போகிறவர்கள் ஏராளம், ஆனால் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் திருச்சிக்கு வருவதில்லை. அதன் மலிவுக்கட்டணத் துணை நிறுவனமான ஸ்கூட் வருகிறது. 2012-இல் தொடங்கிய ஸ்கூட், 2017-இல் டைகர்ஏரைத் தன்னோடு சேர்த்துக்கொண்டது. டைகரின் திருச்சித் தடமும் அதோடு வந்தது. கோயம்புத்தூருக்கு சில்க்ஏர் என்ற இன்னொரு துணை நிறுவனம் சாப்பாடு, பெட்டி எல்லாம் சேர்த்த கட்டணத்தில் பறந்துகொண்டிருந்தது. சில்க்ஏரைத் தாய் நிறுவனத்தோடு கலக்கும் ஏற்பாட்டில் கோவை தாயிடம் போகவில்லை, ஸ்கூட்டிடம் போனது. சென்னை, பெங்களூரு, கொச்சி போன்ற பெருநகரங்கள் தாய்க்கு, அடுத்த நிலை ஊர்கள் பெரும்பாலும் பிள்ளைக்கு என்ற பங்கீடு இது. வணிகக் கணக்கில் தப்பில்லை. ஆனால் விருதும் விளம்பரமும் பேசும் அந்த உபசரிப்பு, சிங்கப்பூரை உழைத்துக் கட்டுகிறவர்கள் ஏறும் விமானத்தில் இல்லை என்பதையும் சேர்த்தே எழுதியாக வேண்டும்.

அதற்காக ஸ்கூட்டைக் குறைசொல்ல மாட்டேன். காசுக்கேற்ற தோசை. கையில் 10 கிலோ எடுத்துப் போகலாம். பெட்டிக்குத் தனிக் காசு, சாப்பாட்டுக்குத் தனிக் காசு. ஊருக்கு வரும் தொழிலாளிக்கு வேண்டியது சாய்வு நாற்காலியோ சினிமாவோ அல்ல, கிலோ. தங்கைக்கு வாங்கிய மிக்சியும், பக்கத்து வீட்டுக்காரர் கொடுத்தனுப்பிய தைலமும், சாக்லேட் பைகளும் எந்தக் கட்டணத்தில் ஏறும் என்பதே கணக்கு. பெட்டி எடையை இணையத்தில் முன்கூட்டியே வாங்குவது மலிவு. கவுன்டரில் போய் நின்றுவிட்டால் கையைக் கடிக்கும். ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ், இண்டிகோவோடு ஒப்பிடும்போது டிக்கெட் விலையைத் தனியே பார்க்காமல், பெட்டியைச் சேர்த்துப் பார்த்தால்தான் உண்மை விலை தெரியும். நாலரை மணி நேரப் பயணத்துக்கு இதற்குமேல் தேவையில்லை என்பது என் கருத்து. சென்னையில் இருப்பவர்கூட, தனியாளாகச் சிங்கப்பூர் மட்டும் போய்வருவதானால், தாய் நிறுவனத்துக்குக் கூடுதல் பணம் கொடுக்க யோசிக்கலாம்.

திருச்சிக்காரர் ஸ்கூட்டில் ஏறிச் சிங்கப்பூரில் மாறி மெல்போர்ன் போவதானால் கதை வேறு. இரண்டு பயணத்தையும் ஒரே டிக்கெட்டாக வாங்க முடியும். பெட்டி நேரே மெல்போர்னில் கிடைக்கும். மலிவாக இருக்கிறதென்று தனித்தனி டிக்கெட்டாக வாங்கினால், பெட்டியை எடுக்கச் சிங்கப்பூருக்குள் நுழைந்து மறுபடி வெளியேற வேண்டியிருக்கும். இந்தியக் கடவுச்சீட்டுக்கு அதற்குப் பொதுவாக விசா வேண்டும். முதல் விமானம் தாமதமாகி அடுத்தது போய்விட்டால் கேட்க நாதியும் இல்லை. சில ஆயிரம் ரூபாய் மிச்சம் பிடிக்கப் போய்ப் புது டிக்கெட் வாங்கிய குடும்பங்கள் உண்டு.

குழந்தைகளோடு போகிறவர்களுக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கைக்குழந்தைக்குத் தொட்டில் முன்வரிசைகளில் மட்டும்தான். டிக்கெட் கிடைத்த அன்றே கேட்டு வாங்க வேண்டும். எகானமியின் மிக மலிவான 'லைட்' கட்டணத்தில் ரத்து செய்தால் பணம் திரும்பாது. இடைநிற்கும் நேரம் ஐந்தரை மணிக்கு மேல் இருந்தால் ஊரைச் சுற்றிக்காட்டும் இலவசப் பேருந்து உண்டு, ஆனால் சிங்கப்பூருக்குள் நுழையத் தகுதி இருக்க வேண்டும். இல்லாவிட்டாலும் பரவாயில்லை, மூன்றாம் முனையத்தின் பட்டாம்பூச்சித் தோட்டத்தில் பிள்ளைகளை விட்டால் இரண்டு மணி நேரம் ஓடிவிடும்.

கம்பெனி செலவில் பறப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. பல காலம் போற்றப்பட்ட இவர்களின் நெடுந்தூர பிசினஸ் இருக்கை மிக அகலமானது. இரண்டு குழந்தைகள் உட்காரலாம். ஆனால் அது தானாகப் படுக்கையாகாது. எழுந்து நின்று, முதுகுப்பக்கத்தை முன்னால் இழுத்துக் கவிழ்த்தால் பின்பக்கம் மெத்தையாகும். கால் நீட்ட இருக்கும் பொந்து ஒரு மூலையில் இருப்பதால் கோணலாகத்தான் படுக்க வேண்டும். உயரமானவர்கள் முனகுவது நியாயம்தான்.   கத்தார் கதவு வைத்த இருக்கையை 2017-லேயே கொண்டுவந்துவிட்டது. 2024 நவம்பரில்தான் சிங்கப்பூர் விழித்துக்கொண்டு, 41 ஏர்பஸ் 350 விமானங்களைப் புதுப்பிக்க 110 கோடி சிங்கப்பூர் டாலர் ஒதுக்குவதாக அறிவித்தது. பிரீமியம் எகானமியில் இரு வரிசைகளுக்கு இடையே 38 அங்குலம். எகானமியைவிட ஆறு அங்குலம் கூடுதல். பகலில் நாலு மணி நேரத்துக்கு அதை வாங்குவது வீண். முட்டிவலியோடு அமெரிக்கா போகும் அறுபது வயதுக்காரருக்கு, பிள்ளைகள் பங்கு போட்டு வாங்கித் தரக்கூடிய நல்ல பரிசு.

இந்த நிறுவனத்தின் புகழ்பெற்ற நியூயார்க் விமானத்தில் சாதாரண எகானமியே கிடையாது. சுமார் 15,300 கிலோமீட்டர், ஏறக்குறைய பத்தொன்பது மணி நேரம். உலகின் மிக நீண்ட பயணிகள் விமானத் தடம். எடையைக் குறைக்க, அந்த ஏர்பஸ் 350 விமானத்தில் பிசினஸ் 67, பிரீமியம் எகானமி 94, மொத்தம் 161 பேர் மட்டும். புதுப்பித்த பிறகு முதல் வகுப்பு 4 இருக்கைகள் வந்து, மொத்தம் 132 ஆகக் குறையப்போகிறது. எகானமிப் பயணிக்கும் நியூயார்க் வழி உண்டு, ஜெர்மனியின் பிராங்ஃபர்ட் நகரில் நின்று போகும் விமானத்தில். சென்னைக்காரர் அதில் ஏறினால் முன்பு சொன்ன மூக்கைத் தொடும் கதைதான்.

பாதுகாப்பு எந்த வகுப்புப் பயணிக்கும் பொது. 2000 அக்டோபர் 31-இல் தைபேயில், புயல்மழையில், பழுதுவேலைக்காக மூடியிருந்த ஓடுபாதையில் தவறுதலாகப் புறப்பட முயன்ற 747 விமானம் கட்டுமானக் கருவிகளில் மோதி 83 பேர் இறந்தார்கள். நிறுவனத்தின் பெரிய விபத்து அது. 2024 மே 21-இல் லண்டனிலிருந்து வந்த விமானம் மியான்மர் வான்பகுதியில் கடுமையான காற்றுக் குலுக்கலில் சிக்கியது. சில நொடிகளில் நடந்து முடிந்த அந்தக் குலுக்கலில், பெல்ட் போடாதவர்கள் கூரையில் மோதினார்கள். ஒரு முதியவர் இறந்தார். பலர் முதுகெலும்பில் காயம்பட்டு பாங்காக் மருத்துவமனைகளில் கிடந்தார்கள். லேசான காயம்பட்டோருக்கு 10,000 அமெரிக்க டாலர் இழப்பீடு என்று நிறுவனம் சில வாரங்களில் அறிவித்தது. பெல்ட் விளக்கு எரியும்போது சாப்பாடு பரிமாறுவதையும் நிறுத்தியது. டீ வரத் தாமதமாகிறதே என்று முகம் சுளிப்பவர்கள் இதை நினைத்துக்கொள்ளலாம்.

சிங்கப்பூர் ஏர்லைன்ஸும் பங்கு வைத்திருந்த விஸ்தாரா, 2024 நவம்பரில் ஏர் இந்தியாவோடு இணைந்ததால், சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் கையில் இப்போது ஏர் இந்தியாவின் 25.1 சதவீதப் பங்கு இருக்கிறது. அதை வைத்து, ஏர் இந்தியாவில் ஏறினாலும் சிங்கப்பூர் கவனிப்பு கிடைக்கும் என்று ஏஜென்ட் யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். டிக்கெட்டில் எந்தப் பெயர் இருந்தாலும், விமானத்தை இயக்குவது யார் என்ற சிறிய எழுத்தைப் படித்துப் பார்க்க வேண்டும்.

கடைசியாக மைல் கணக்கு. நிறுவனத்தின் மைல் திட்டமான கிறிஸ்ஃப்ளையரில் உறுப்பினராகச் சேரக் காசு இல்லை. சேர்ந்தால் 2023 ஜூலை முதல் எகானமியிலும் வைஃபை இலவசம். வீட்டுக்கு 'கிளம்பிட்டேம்மா' என்று நடுவானிலிருந்து செய்தி அனுப்ப அது போதும். மைல் சேர்த்து இலவச டிக்கெட் வாங்குவது மாதம் இருமுறை பறக்கும் அதிகாரிக்கு நடக்கும். லைட் கட்டணத்தில் தூரத்தில் பாதிதான் மைலாக வரவாகும். சென்னை–சிட்னி போய்வந்தால் ஆறாயிரத்துக்குள். மூன்று ஆண்டில் அவை காலாவதியாகும், இடையில் எத்தனை முறை பறந்தாலும் பழைய மைலுக்கு ஆயுள் நீளாது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை பேரனைப் பார்க்கப் போகிற தாத்தா சேர்த்த மைலில் சிட்னி டிக்கெட் வாங்கிவிட முடியாது. ஆனால் அவர் பெயரை இப்போதே பதிந்து வைத்தால் ஏவிஎம்எல் சாப்பாடு, கடவுச்சீட்டு எண் எல்லாம் கணக்கில் ஏறிவிடும். அடுத்த முறை மகன் நள்ளிரவில் உட்கார்ந்து மறுபடி தட்டச்சு செய்ய வேண்டியதில்லை.